எல்லோருக்கும் ஒரே அட்மின், எல்லா இடத்திலும் ஒரே 192.168.1: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபயர்வோல், அதாவது அலுவலக வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் காவல் பெட்டி, பற்றியவை. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதோடு, கொழும்பில் சின்னச் சின்ன அலுவலகங்கள்கூட ஒரு ஃபயர்வோல் பெட்டி வாங்கிப் பொருத்திவிட்டன. பொருத்திய அன்றைக்கு இருந்த செட்டிங்ஸ்தான் பல இடங்களில் இன்றைக்கும் இருக்கிறது. யாரை உள்ளே விடுவது என்பதும், எந்தக் கருவிக்கு எந்த ஐபி முகவரி (வலையமைப்பில் அதற்குரிய எண்) கொடுப்பது என்பதும் வேறு வேறு வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாள் பிரச்சினை வந்து பதிவுகளைத் திறக்கும்போது இரண்டும் ஒரே வரியில்தான் நிற்கும்: இன்ன நேரத்தில், இன்ன முகவரியிலிருந்து, இன்னார். அந்த வரியை நம்பலாமா என்பதுதான் என் கவலை.

மூன்றாம் குறுக்குத் தெருவில் மொத்தத் துணி வியாபாரம் செய்கிறோம். பழைய கணினிகள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. ஆனால் புதிதாக வாங்கிய இரண்டு மடிக்கணினிகளுக்கும், இரண்டு வாரம் லீவில் நின்றுவிட்டு வந்த காசாளரின் கணினிக்கும் இணையம் கிடைக்கவில்லை. முகவரி 169.254 என்று தொடங்குகிறது. பெட்டி பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் பொருத்தித் தந்தவர். வாங்கவா?
– ஒரு முதலாளி, புறக்கோட்டை

வாங்க வேண்டாம். விடையை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். ஏற்கெனவே முகவரி வைத்திருப்பவருக்குப் பிரச்சினை இல்லை, புதிதாகக் கேட்பவருக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால், கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கணினி முகவரி கேட்டு அழைக்கிறது, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி சேவையிலிருந்து பதில் வரவில்லை, அதனால் தனக்குத் தானே ஒரு 169.254 முகவரியை வைத்துக்கொள்கிறது. அந்த முகவரியோடு இணையத்துக்குப் போக முடியாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஃபோர்டிகேட் என்ற வகை சிறிய ஃபயர்வோல் பெட்டி. முகவரி வீச்சு 192.168.1.110 முதல் 192.168.1.210 வரை. எண்ணிப் பாருங்கள், 101 முகவரிகள். வாடகைக் காலம், அதாவது லீஸ், 604800 விநாடிகள். அது முழுதாக 7 நாள். பெட்டியோடு வந்ததை யாரும் தொடவில்லை.

இப்போது உங்கள் கடையை யோசியுங்கள். மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கொள்முதலுக்கு வருகிறவர்கள், சேலையைப் படம் எடுத்து ஊரிலுள்ள கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இந்தக் கலர் போதுமா?" என்று கேட்பார்கள். அதற்கு வைஃபை பாஸ்வேர்ட் வாங்குவார்கள். அரை மணி நேரத்தில் போய்விடுவார்கள். அவர் பஸ் ஏறிப் போன பிறகும் அவருடைய போனுக்குக் கொடுத்த முகவரி 7 நாளைக்கு அவர் பெயரிலேயே இருக்கும். தீபாவளி வியாபார நேரத்தில் 101 முகவரிகள் தீர எத்தனை நாள் வேண்டும்?

ஃபோர்டிகேட்டில் டிஎச்சிபி மொனிட்டர் என்ற பக்கத்தைத் திறந்தால் யார் யாரிடம் முகவரி இருக்கிறது என்று பட்டியல் வரும். உங்களுக்குத் தெரியாத போன்களின் பெயர்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். கடையில் இப்போது இல்லாத போன்களின் வரிகளை மட்டும் தேர்ந்து விடுவியுங்கள். உடனே மடிக்கணினிகளுக்கு முகவரி கிடைத்துவிடும். லீஸ் காலத்தைக் குறைத்தால் மட்டும் இன்றைய பிரச்சினை தீராது. ஏற்கெனவே 7 நாளுக்குக் கொடுத்தது 7 நாளுக்குத்தான்.

அதன் பிறகு, வாடிக்கையாளர்களுக்கு வேறொரு வைஃபை பெயர், வேறொரு விலான் (அதே பெட்டியில் பிரித்து வைக்கும் தனி வலையமைப்பு), வேறொரு முகவரி வீச்சு. அங்கே லீஸ் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ போதும். பில் போடும் கணினிகள் இருக்கும் பக்கத்தில் 7 நாளே இருக்கட்டும்.

முகவரி தீர்ந்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. யாரென்றே தெரியாதவர்களின் போன்கள் உங்கள் பில் கணினிகளும் கணக்குப் புத்தகமும் இருக்கும் அதே வலையமைப்பில் இவ்வளவு நாள் இருந்திருக்கின்றன. பிரித்து வைக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், முதலாளி.

வெள்ளவத்தையில் ஒரு கணக்காய்வு அலுவலகம் நடத்துகிறோம். ஃபயர்வோலுக்குள் போவதற்கு 'அட்மின்' என்ற ஒரே கணக்குத்தான். நானும் என் பங்காளரும், ஐடி பார்க்கும் தம்பியும், வெளியிலிருந்து வரும் டெக்னீஷியனும் அதையே பாவிக்கிறோம். போன மாதம் தம்பி வெளிநாடு போய்விட்டார். பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். ஆனால் அது போதாது. தம்பி மேல் சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, இதைச் செய்தே ஆக வேண்டும். அவருக்கும் இதுதான் நல்லது. நாளைக்கு ஏதாவது நடந்தால் "அட்மின் உள்ளே வந்தார்" என்றுதான் பதிவில் இருக்கும், அது அவர் இல்லை என்று காட்ட அவரிடம் எதுவும் இருக்காது. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் போவதே குற்றம். அப்படியொரு முறைப்பாடு வரும் நிலையில் நான்கு பேர் ஒரு பெயரில் இருந்தால், நான்கு பேரும் சந்தேகத்துக்குள் வருவார்கள்.

ஆளுக்கொரு கணக்குத் திறவுங்கள். கணக்குத் திறக்கும்போது ஒரு அதிகாரப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். எல்லோருக்கும் சூப்பர் அட்மின் கொடுக்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் இரண்டு பேரும் உரிமையாளர்கள், ஆனால் விதிகளை நீங்கள் எழுதுவதில்லை. உங்களுக்குப் பார்க்க மட்டும் முடிந்த கணக்குப் போதும். அது மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் ஏமாந்து ஒரு போலி மின்னஞ்சலில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாலும் ஃபயர்வோலை யாரும் மாற்ற முடியாது என்பதுதான் அதன் பயன். வெளியிலிருந்து வரும் டெக்னீஷியனுக்கு எழுதும் அதிகாரம் தேவை, ஆனால் புதிய நிர்வாகிகளைச் சேர்க்கும் அதிகாரம் தேவையில்லை. அவர் வராத நாட்களில் கணக்கை முடக்கி வைக்கலாம். அந்த பழைய 'அட்மின்' கணக்குக்கு நீளமான ஒரு பாஸ்வேர்ட் போட்டு, கடித உறையில் ஒட்டி, அலுவலகப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். எல்லாம் கைவிட்ட அன்றைக்கு மட்டும் அது வெளியே வரட்டும்.

அடுத்தது, எங்கிருந்து உள்ளே வரலாம் என்பது. ஃபோர்டிகேட்டில் ஒவ்வொரு நிர்வாகிக்கும் 'ட்ரஸ்டட் ஹோஸ்ட்' என்று நம்பகமான முகவரிகளைக் குறிக்கலாம். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மூன்று பேருக்குக் குறித்துவிட்டு ஒருவருக்கு மட்டும் வெறுமையாக விட்டால், லொகின் பக்கம் உலகத்துக்கே திறந்துதான் இருக்கும். அந்த ஒருவர் எங்கிருந்தும் வரலாம் என்பதால் பெட்டி எல்லோருக்கும் கதவைக் காட்டுகிறது. ஆகவே எல்லாக் கணக்குகளுக்கும் குறியுங்கள், பெட்டகத்தில் இருக்கும் அந்தக் கணக்குக்கும்தான். இணையப் பக்கம் இருக்கும் போர்ட்டில் நிர்வாக அனுமதியை அடியோடு எடுத்துவிடுங்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் முதலில் விபிஎன் (இணையத்தின் ஊடாக அலுவலகத்துக்குப் போகும் பூட்டிய தனிவழி), பிறகு நிர்வாகப் பக்கம். நிர்வாகிகளுக்குத் தனி விபிஎன் குழு வைத்து, அந்தக் குழுவுக்கென்று ஒரு சின்ன முகவரி வீச்சை ஒதுக்கினால், அந்த வீச்சையே ட்ரஸ்டட் ஹோஸ்ட்டாகக் குறித்துவிடலாம். அலுவலகத்தில் மற்றவர்கள் விபிஎன்னில் வந்தாலும் நிர்வாகப் பக்கத்தைத் தொட முடியாது.

இரட்டை உறுதிப்படுத்தல் கட்டாயம். ஃபோர்டிகேட்டோடு, பாஸ்வேர்டுக்கு மேலதிகமாகக் கேட்கும் எண்ணைத் தரும், போனில் ஓடும் இரண்டு டோக்கன்கள் இலவசமாக வருகின்றன. எழுதும் அதிகாரம் உள்ளவர்களுக்கு முதலில் அவற்றைக் கொடுங்கள்.

இனி தம்பியின் விடயம். அவர் கையில் இருந்தது அந்த ஒரு பாஸ்வேர்ட் மட்டுமா? அவருடைய விபிஎன் கணக்கு, கிளை அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன்னுக்கு இரு பக்கமும் போட்டிருக்கும் ஒரே இரகசியச் சாவி, வைஃபை பாஸ்வேர்ட், தானியங்கி வேலைகளுக்காகத் திறந்த ஏபிஐ கணக்கு, அவருடைய மடிக்கணினியில் இருக்கும் செட்டிங்ஸ் பிரதி என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நிர்வாகிகள் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2021 செப்டெம்பரில், உலகம் முழுவதிலுமாகச் சுமார் 87,000 ஃபோர்டிகேட் கருவிகளின் விபிஎன் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் வெளியாகின. காரணமாக இருந்த ஓட்டைக்கு 2019 மே மாதமே திருத்தம் வந்துவிட்டது. பலர் திருத்தத்தைப் போட்டும் இருந்தார்கள். ஆனால் திருத்தம் போடும் முன்பே களவு போயிருந்த பாஸ்வேர்டை மாற்றவில்லை. ஓட்டையை அடைத்த பிறகும் அந்தப் பாஸ்வேர்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நம்பிக்கையான ஊழியர் போனாலும் சரி, பெட்டிக்கு அவசரத் திருத்தம் வந்தாலும் சரி, பாஸ்வேர்ட் மாற்றமும் சேர்ந்தே நடக்கட்டும். உங்கள் பெட்டிக்குப் பின்னால் இருப்பது உங்கள் கணக்கு மட்டும் இல்லையே, உங்களை நம்பிக் கணக்குகளைத் தந்த வாடிக்கையாளர்களுடையதும்தான்.

வீட்டிலிருந்து விபிஎன் போட்டால் 'கனெக்டட்' என்று காட்டுகிறது. ஆனால் அலுவலகத்துக் கோப்புகள் இருக்கும் 192.168.1.20 திறப்பதில்லை. அதே மடிக்கணினி, போன் டேட்டாவில் போட்டால் திறக்கிறது! வீட்டு இணையம் தடுக்கிறதா?
– ஒரு வாசகர், தெஹிவளை

தடுக்கவில்லை. உங்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 தான் கொடுக்கிறது, அலுவலகமும் 192.168.1 தான். மடிக்கணினி 192.168.1.20 ஐத் தேடும்போது, அது பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. விபிஎன் வழியாகப் போக வேண்டும் என்ற எண்ணமே அதற்கு வராது. போன் டேட்டாவில் முகவரி வேறு, அதனால் திறக்கிறது.

இன்றிரவே வேலை நடக்க வேண்டுமென்றால் வீட்டு ரவுட்டரின் வீச்சை 192.168.77 என்பதுபோல் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் உங்கள் அலுவலகத்தில் இருபது பேர் இருந்தால் இருபது வீடுகளில் இதைச் செய்ய முடியாது. மாற வேண்டியது அலுவலகம். தனியார் பாவனைக்கென்று ஒதுக்கப்பட்டவை மூன்று தொகுதிகள்: 10 இல் தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 ஐயே எடுத்துக்கொள்கின்றன. அலுவலகத்துக்கு 10 இன் உள்ளே யாரும் சும்மா தேர்ந்தெடுக்காத ஒன்றை, உதாரணமாக 10.47.20 ஐ, எடுங்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் செய்யக்கூடிய வேலைதான், ஆனால் கையால் முகவரி போட்ட பிரிண்டர், கெமரா, சேவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் ஐடி ஆட்களிடம் இன்னொன்றும் கேளுங்கள். ஃபோர்டிகேட்டில் எஸ்எஸ்எல் விபிஎன் என்ற வகைக்குப் பெட்டியோடு வரும் முகவரி வீச்சு 10.212.134.200 முதல் 210 வரை. மொத்தம் 11. பன்னிரண்டாவது ஆள் வந்தால் அவருக்குக் கொடுக்க முகவரி இல்லை. "காலையில் முந்தி வந்தால் கிடைக்கும், பிந்தினால் கிடைக்காது" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லியிருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஃபோர்டிகேட்டின் இயங்குதளமான ஃபோர்டிஓஎஸ்ஸின் 7.6.3 பதிப்பிலிருந்து எஸ்எஸ்எல் விபிஎன்னின் டனல் முறையே எடுக்கப்பட்டுவிட்டது. எப்படியும் ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் வகைக்கு மாற வேண்டும் என்பதால், முகவரி மாற்றத்தையும் அதையும் ஒன்றாகச் செய்வது புத்தி.

ரியூஷன் நிலையம் நடத்துகிறேன். மைக்ரோடிக் ரவுட்டர். ஆசிரியர்களின் முகவரிகளுக்கு யூடியூப் திறந்து, மாணவர்களுக்கு மூடி வைத்தேன். பிள்ளைகள் ஆசிரியர்களின் முகவரியைக் கையால் போட்டுத் திறந்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு ஆசிரியர், கொட்டாஞ்சேனை

கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களைத் திட்ட வேண்டாம், வழியை மட்டும் மூடுவோம்.

முகவரியை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. முகவரி யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடிய ஓர் எண். மைக்ரோடிக்கில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. மாணவர் பக்கத்து இன்டர்ஃபேஸில் ஏஆர்பியை (எந்த முகவரி எந்தக் கருவியுடையது என்று ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியல்) 'ரிப்ளை ஒன்லி' என்று மாற்றுங்கள். டிஎச்சிபி சேவையில், லீஸ் கொடுக்கும்போதே ஏஆர்பி வரியையும் சேர்க்கும் தெரிவை இயக்குங்கள். அதன் பிறகு ரவுட்டர் தானே கொடுத்த முகவரிகளோடு மட்டும்தான் பேசும். கையால் போட்ட முகவரி எங்கேயும் போகாது. வரிசை முக்கியம்: முதலில் டிஎச்சிபி தெரிவு, எல்லாக் கருவிகளும் லீஸைப் புதுப்பித்த பிறகு ரிப்ளை ஒன்லி. மாற்றிச் செய்தால் நீங்களே வெளியே நிற்க வேண்டி வரும்.

மேக் முகவரியையும் (கருவிக்கு வன்பொருளிலேயே உள்ள அடையாள எண்) சேர்த்துக் களவாடத் தெரிந்த பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கு ஆசிரியர்களை வேறு வைஃபை பெயரில், வேறு விலானில் வைத்து, ஹொட்ஸ்பொட்டில் (இணையம் தரும் முன்பு லொகின் கேட்கும் வசதி) ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். மைக்ரோடிக் ஹொட்ஸ்பொட்டில் ஒரு பெயரில் ஒரே நேரத்தில் ஒரு கருவிதான் என்பது இயல்பாகவே இருக்கும் கட்டுப்பாடு, அதைத் தளர்த்தாதீர்கள். ஓர் ஆசிரியரின் பாஸ்வேர்ட் வகுப்புக்குள் பரவினால், அவராலேயே உள்ளே வர முடியாமல் போகும், அன்றைக்கே தெரிந்துவிடும்.

உங்கள் இணைய நிறுவனம் ஐபிவி6, அதாவது புதிய வகை நீளமான முகவரி, தருகிறதா என்றும் பாருங்கள். ஐபிவி4க்கு எழுதிய விதிகள் ஐபிவி6ஐக் கட்டுப்படுத்தாது, அதற்குத் தனியாக எழுத வேண்டும். பிள்ளைகள் சொந்த டேட்டாவில் பார்த்தால் உங்கள் ரவுட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அது வகுப்பில் நீங்கள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

அச்சகத்து பிரிண்டரின் முகவரி கரண்ட் போய் வரும்போதெல்லாம் மாறுகிறது.
– மருதானை வாசகர்

ஃபயர்வோலின் டிஎச்சிபி பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பிரிண்டரிலேயே கையால் போடுவதென்றால், டிஎச்சிபி கொடுக்கும் வீச்சுக்கு வெளியே உள்ள எண்ணாக இருக்க வேண்டும். போனுக்கு இப்படி ஒதுக்க நினைப்பவர்கள், அந்த வைஃபைக்கு மட்டும் 'பிரைவேட்' அல்லது 'ரேண்டம்' மேக் தெரிவை நிறுத்த வேண்டும். அண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்துவிடுகின்றன.

கடைக் கெமராவை வீட்டிலிருந்து பார்க்க போர்ட் திறந்தேன், வேலை செய்யவில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.72 என்று தொடங்குகிறது.
– பம்பலப்பிட்டி வாசகர்

100.64 முதல் 100.127 வரை உள்ளவை இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. புதிய ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. உங்கள் முகவரி வெளியுலகத்துக்குத் தெரியாது, ஆகவே எந்தப் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்கலாம். வாங்கினாலும் கெமராவுக்கு நேரடியாகப் போர்ட் திறக்காதீர்கள், விபிஎன் வழியாகப் பாருங்கள்.

ஃபயர்வோல் பதிவுகளில் நேரம் பிழையாக இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் பழைய பதிவுகளும் காணாமல் போகின்றன. இது பெரிய விடயமா?
– ஒரு வாசகி, கிருலப்பனை

பெரிய விடயம்தான். ஒரு முகவரி இன்றைக்கு உங்களிடம், நாளைக்கு இன்னொருவரிடம் இருக்கலாம். நேரம் பிழையென்றால் அந்தப் பதிவை வைத்து ஒருவரைக் கேட்பது அநியாயமாகிவிடும். நேர வலயத்தில் +5:30 ஐத் தெரிவு செய்யுங்கள், பல பட்டியல்களில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்று இருக்கும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியை இயக்கி, அது பாவிக்கும் யூடிபி 123 போர்ட் வெளியே போக அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வட்டு இல்லாத சிறிய பெட்டிகள் பதிவுகளை நினைவகத்தில்தான் வைக்கின்றன, மீண்டும் தொடங்கும்போது அவை போய்விடும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்கூட மின்வெட்டு இருந்த காலத்தில் பல அலுவலகங்களில் பதிவே மிஞ்சவில்லை. அலுவலகத்தில் எப்போதும் இயங்கும் கணினி ஒன்று இருந்தால், அதில் சிஸ்லொக் என்ற பதிவு சேகரிக்கும் சேவையை நிறுவி பதிவுகளை அங்கே அனுப்பச் சொல்லுங்கள். டிஎச்சிபி நிகழ்வுகளும் நிர்வாகி லொகின்களும் அனுப்பும் பட்டியலில் இருக்கின்றனவா என்று உறுதிப்படுத்துங்கள். ஃபயர்வோல், சுவிட்ச், அந்தக் கணினி மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். போனில் வரும் டோக்கன் எண்ணைச் சரியாகப் போட்டும் பெட்டி ஏற்கவில்லை என்றால், வேறெதையும் தேடும் முன்பு பெட்டியின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த எண் நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது.